கேட்காமல் வந்து நிற்கும் செயற்கை நுண்ணறிவை விலக்கிவைக்க முடியுமா?

ஐயா, கூட்டுறவு வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீல வளையம் ஒன்று தானாக வந்து நிற்கிறது. கூகுளில் எதைத் தேடினாலும் அதுவே முதலில் ஒரு பதிலை எழுதிவிடுகிறது. வேர்டைத் திறந்தால் கடிதத்தை நானே எழுதட்டுமா என்று கேட்கிறது. காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டால் மனிதக் குரல் வருவதே இல்லை. இவற்றை நிறுத்த என்ன வழி என்று கேட்டுவிட்டு, "பழகிக்கொள்ளுங்கள் அப்பா" என்று மகன் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் மனம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, சொன்னால் அந்தச் சொல் எதுவரை எடுபடும் என்றுதான் கேட்கிறீர்கள்.

சிறிய அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கணினி பராமரிப்பது என் தொழில். மாலை நேரங்களில் ஒரு நுகர்வோர் அமைப்பில் புகார் மனு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டிலும் கண்டதை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் திரையில் நிற்கும் செயற்கை நுண்ணறிவை, அதாவது ஏஐயை, பெரும்பாலும் அணைக்கலாம், அணைக்க முடியாததைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் இன்னொருவர் மேசையில் உட்கார்ந்து உங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஏஐக்குப் பொத்தானே கிடையாது. முதல் வகையோடு மல்லுக்கட்டியே பலர் களைத்துப்போகிறார்கள். உங்கள் கோபத்தையும் நேரத்தையும் இரண்டாவது வகைக்கு மிச்சம் வையுங்கள். நான் வழக்கறிஞர் அல்ல. பெரிய தொகை சம்பந்தப்பட்டது என்றால் கீழே சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

ஏஐயே இல்லாத கைபேசி வேண்டும் என்றால் அது கிடைக்காது, உங்களுக்குத் தேவையும் இல்லை. குப்பை மின்னஞ்சலைப் பிரித்துத் தள்ளுவதும், இருட்டில் எடுத்த படத்தைத் துலக்கிக் கொடுப்பதும் அதே குடும்பம்தான். உங்கள் துறையிலேயே பாருங்கள்: கையால் எழுதிய காசோலைத் தொகையை நரம்பியல் வலைப்பின்னல்கள் என்னும் ஏஐ நிரல்கள் படிப்பது 1990களிலேயே அமெரிக்க வங்கிகளில் வந்துவிட்டது. கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கொடுத்த வேலையைச் செய்துவிட்டு அது ஒதுங்கி நின்றது. இன்று நமக்கு எரிச்சல் தருவது, கேட்காமல் முன்னால் வருவதும், நாம் எழுத வேண்டியதைத் தான் எழுத முனைவதும், பேசியதைக் குறித்துவைத்துக்கொள்வதும்தான். இதில் எது உங்களுக்கு ஆகாது என்பதை நீங்களே தீர்மானியுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

கூகுளின் சுருக்கப் பதில் 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. அதை நிரந்தரமாக அணைக்க வழி இல்லை என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. ஆனால் முடிவுகளுக்கு மேலே படங்கள், செய்திகள், வீடியோக்கள் என்று போகும் வரிசையில் 'வெப்' என்று ஒன்று இருக்கும்; சில நேரம் 'மேலும்' என்பதற்குள் இருக்கும். அதைத் தொட்டால் வெறும் இணைப்புகள் மட்டும் வரும். இது நம்பகமான வழி. தேடும் சொற்களின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியையும் அதை ஒட்டி ஏஐ என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்துகளையும் தட்டினால் சுருக்கம் வராது என்று சிலர் சொல்வார்கள். அது பலிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கூகுள் அதற்கு வாக்குக் கொடுத்ததில்லை. எந்த நாளும் நின்றுபோகலாம். தினம் தினம் இந்த வேலை கூடாது என்றால் டக்டக்கோ தேடுபொறிக்கு மாறுங்கள். அதன் அமைப்புகளில் ஏஐ பதிலை முழுதாக நிறுத்தலாம். ஏஐ உருவாக்கிய படங்களையும் மறைக்கச் சொல்லலாம், எல்லாம் சிக்காவிட்டாலும் பெரும்பகுதி குறையும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 2026 பிப்ரவரியில் வந்த 148ஆம் பதிப்பிலிருந்து ஏஐ வசதிகள் அத்தனையையும் ஒரே இடத்தில் தடுக்க முடிகிறது. சுருக்கத்தை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தாலும், மருந்தின் அளவு, வரி, பட்டா போன்ற விஷயங்களில் அதை நம்பி இறங்காதீர்கள். வந்த புதிதில், பீட்சாவில் பாலாடைக்கட்டி நழுவாமல் இருக்கப் பசை சேர்க்கலாம் என்று அது பதில் சொன்னது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ விளையாட்டாக எழுதிய ஒரு கருத்துதான் அதற்கு மூலம். எழுதியவர் யார், எந்த மனநிலையில் எழுதினார் என்று நீங்களும் நானும் பார்த்து எடைபோடுவோம். சுருக்கத்தில் அந்தத் தடயம் அழிந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து.

வாட்ஸ்அப்பில் நிற்கும் அந்த வளையத்தின் பெயர் மெட்டா ஏஐ. அதை முழுதாக நீக்க, வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனம் வழி தரவில்லை. இதை ஒட்டி 2025 ஜூலையில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் விசாரணையே தொடங்கியது. நீங்கள் செய்யக்கூடியது, அதைத் தொடாமல் இருப்பது, தவறித் திறந்துவிட்டால் அந்த உரையாடலை அழிப்பது. அதோடு எதையும் பேசாதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு: மெட்டா ஏஐயோடு நடக்கும் உரையாடல்களை விளம்பரங்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தப்போவதாக அறிவித்து, 2025 டிசம்பர் 16 முதல் அந்த நிறுவனம் அதைச் செய்கிறது. "குழுவில் நாம் பேசுவதையெல்லாம் மெட்டா ஏஐ படிக்கிறது, உடனே இதை அணையுங்கள்" என்று சுற்றும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அது சரியல்ல. தனிப்பட்ட செய்திகள் இரு முனைகளுக்கு இடையே பூட்டப்பட்டே போகின்றன. குழுவில் யாராவது அதன் பெயரைக் குறிப்பிட்டு அழைத்தாலோ, ஒரு செய்தியை அதற்கு அனுப்பினாலோ அந்தச் செய்தி மட்டும் அதற்குப் போகும். அந்த 'யாராவது' உங்கள் கையில் இல்லை என்பதுதான் சிக்கல். 2025 ஏப்ரலில் வந்த 'மேம்பட்ட அரட்டைத் தனியுரிமை' அமைப்பைக் குழுவுக்குப் போட்டுவிட்டால், செய்திகளை ஏஐக்குக் கொடுப்பதும் உரையாடலை மொத்தமாக வெளியே எடுப்பதும் தடைபடும். ஒருவர் திரையைப் படம் பிடித்து வெளியே கொடுப்பதை எந்த அமைப்பும் முழுதாகத் தடுக்காது.

வேர்டில் எழுதட்டுமா என்று கேட்பது கோபைலட் என்னும் மைக்ரோசாஃப்டின் ஏஐ. கோப்பு, விருப்பங்கள், கோபைலட் என்று போய் அங்குள்ள குறியை எடுத்துவிடுங்கள். எக்செலில் தனியாக, இன்னொரு கணினி இருந்தால் அதிலும் தனியாகச் செய்ய வேண்டும். மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்துபவர்கள் இதையும் கவனியுங்கள். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலுமாக மைக்ரோசாஃப்ட் தன் சந்தாவில் கோபைலட்டைச் சேர்த்து விலையை உயர்த்தியது. கோபைலட் இல்லாத பழைய விலைத் திட்டமும் இருந்தது. ஆனால் சந்தாவை ரத்து செய்யப் போனால்தான் அது கண்ணில் படும். இது ஏறக்குறைய 27 லட்சம் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்று ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே நிறுவனம் அங்குள்ள சந்தாதாரர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. நீங்கள் பழைய சந்தாதாரர் என்றால் ரத்து செய்யும் பக்கம்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜிமெயிலில் அமைப்புகளுக்குள் 'ஸ்மார்ட் ஃபீச்சர்ஸ்' என்பதை அணைக்கலாம். ஆனால் அஞ்சல்கள் தானாக வகைபிரிந்து வருவது போன்ற பழைய வசதிகளும் அதோடு போய்விடும். கூகுளின் ஏஐயான ஜெமினியைப் பயன்படுத்தும் வீடு என்றால் அதன் செயல்பாட்டுப் பதிவை நிறுத்திவையுங்கள். நிறுத்தினாலும் உரையாடல் 72 மணி நேரம் இருக்கும். மனிதர்கள் பார்த்துச் சரிபார்க்க எடுத்துக்கொண்டவை மூன்று ஆண்டுகள்வரை இருக்கலாம் என்று கூகுளே சொல்கிறது. இந்தப் பொத்தான்கள் எதுவும் ஒருமுறை அணைத்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பெரிய புதுப்பிப்பு வந்த பிறகு, பராமரிக்கும் கணினிகளில் அணைத்தவை அணைந்தே இருக்கின்றனவா என்று நான் திரும்பப் பார்ப்பது வழக்கம்.

இனி பொத்தான் இல்லாத இடத்துக்கு வருகிறேன். நீங்கள் வங்கியில் இருந்த காலத்தில் ஒரு கடன் மனுவைத் தள்ளினால், தள்ளியவரின் கையெழுத்தும் காரணமும் கோப்பில் இருக்கும். மனு கொடுத்தவர் நேரில் வந்து ஏன் என்று கேட்பார், யாராவது பதில் சொல்லியாக வேண்டும். இன்று ஒரு செயலியில் விண்ணப்பித்தால் சில நொடியில் 'தற்போது தகுதி இல்லை' என்று வருகிறது. சொன்னவர் யார், காரணம் என்ன என்பது எங்கும் இல்லை. என்னிடம் வரும் புகார்களில் மனத்தை மிகவும் அறுப்பவை இவைதான். கேட்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் பலர் குறை தன்னிடம்தான் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒதுங்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளின்படி, கடன் மனுவை நிராகரிக்கும் வங்கி அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொகை சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல. கடன் அட்டை விண்ணப்பத்துக்கும் இது பொருந்தும். முடிவை மனிதர் எடுத்தாரா இயந்திரம் எடுத்ததா என்று அந்த விதி பிரித்துப் பார்க்கவில்லை, ஆகவே 'எங்கள் கணினி அப்படிச் சொல்கிறது' என்பது பதிலாகாது. தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்கு இப்படி எழுதிக் கேட்டோம். எப்போதோ கட்டி முடித்த ஒரு சிறு கடன், அவருடைய கடன் வரலாற்று அறிக்கையில் இன்னும் நிலுவையில் நிற்பது தெரிந்தது. இயந்திரம் கணக்கில் பிழை செய்யவில்லை. அதற்குக் கொடுத்த தகவல் தவறு. நான் பார்த்தவரை இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். அதில் பிழை இருந்து புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதி. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இதற்கு எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 22ஆம் விதி, பெரிய விளைவு உண்டாக்கும் முடிவை முற்றிலும் இயந்திரமே எடுப்பதற்கு எதிராக ஒருவருக்குப் பாதுகாப்புத் தருகிறது; மனிதர் ஒருவர் தலையிட வேண்டும் என்று கேட்க உரிமை தருகிறது. நம்முடைய 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இது பெரிய குறை என்பதே என் கருத்து. அந்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படுவது, உங்களைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தகவல் முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை நிறுவனம் உறுதி செய்ய வேண்டும் என்கிற 8ஆம் பிரிவு, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிற 6ஆம் பிரிவு. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே, அதாவது 2027 மே மாதவாக்கில்தான், நடைமுறைக்கு வரும்.

அரசு அலுவலகம் என்றால் கையில் இன்னொரு வலுவான கருவி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4(1)(ஈ) பிரிவில், நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லும் வசதி இல்லாதவர்கள்மேல்தான் இந்த இயந்திரங்கள் முதலில் வந்து இறங்குகின்றன. அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு, போஷன் டிராக்கர் செயலியில் முகத்தைக் காட்டி உறுதி செய்ய வேண்டும் என்று 2025 ஜூலை முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. முகம் பொருந்தவில்லை என்று செயலி சொன்னால், எதிரே நிற்பவர் ஒரு கர்ப்பிணி, அல்லது கைக்குழந்தையோடு வந்த தாய். உங்கள் தெருவில் அப்படி யாராவது திரும்பி வந்தால், மனு எழுதத் தெரிந்த நீங்கள் அவருக்கு எழுதிக் கொடுக்கலாம். விமான நிலையத்தில் முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜி யாத்ரா வசதி அப்படியல்ல, அது விருப்பத்தின்பேரில்தான். முகத்தைக் கொடுக்க மனமில்லை என்றால் சாதாரண வரிசை இருக்கிறது, கேட்டுப் போங்கள்.

மனிதக் குரல் வராத காப்பீட்டு நிறுவனத்துக்கு வருகிறேன். அந்த இயந்திரக் குரலோடு வாதாடி ஜெயிக்க முயலாதீர்கள். அதனிடமிருந்து ஒரு புகார் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கு இப்படி ஓர் அதிகாரி இருந்தாக வேண்டும். அங்கே தீராவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளம் இருக்கிறது. இணையக் கடைகளுக்கு 2020ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன: குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசலாம். அரட்டை இயந்திரம் எதையாவது உறுதி சொன்னால் உடனே திரையைப் படம் எடுத்து வையுங்கள். கனடாவில் ஏர் கனடாவின் அரட்டை இயந்திரம், குடும்பத்தில் ஒரு சாவுக்காகப் பயணம் செய்த ஒருவரிடம், கட்டணச் சலுகையைப் பின்னால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தை அங்குள்ள தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை. பணம் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் ஊர் மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். அவரிடம் ஆதாரமாக இருந்தது அந்தத் திரைப் படம்தான்.

குரலைப் போலியாகச் செய்து பணம் கேட்கும் மோசடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகன் குரலிலேயே அவசரம் என்று அழைப்பு வந்தால், வைத்துவிட்டு அவர் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஒரு கட்டுரையை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நம்பி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மகன் சொன்னதற்கு என் பதில் இது. பழகிக்கொள்வது என்றால் எல்லாவற்றையும் ஏற்பது என்று பொருள் இல்லை. நீங்கள் கைபேசியில் பணம் அனுப்புகிறீர்கள், இணையத்தில் கேள்வி கேட்கிறீர்கள், புதியதைக் கண்டு பயப்படுபவர் இல்லை. உங்கள் கடிதத்தை நீங்களே எழுத விரும்புவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு அது வேலைக்குத் தேவைப்படலாம், அதைத் தடுக்கவும் போகாதீர்கள். பொதுவாக வீட்டுக்கு ஒன்றை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள்: குழந்தைகளின் படம், மருத்துவ அறிக்கை, ஆதார் நகல் ஆகியவற்றை வீட்டில் யாரும் எந்த ஏஐ செயலியிலும் ஏற்றக் கூடாது. ஏற்றிய பிறகு அதைத் திரும்பப் பெற்றதை உறுதி செய்துகொள்ள நம்மிடம் வழி இல்லை.

பேத்திக்கு மடிக்கணினி வாங்க வேண்டும், கோபைலட் பொத்தான் இல்லாதது கிடைக்குமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். 2024க்குப் பிறகு வந்த விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் அந்தப் பொத்தான் இருக்கும். அதற்காக நல்ல கணினியை ஒதுக்க வேண்டாம், அமைப்புகளில் அதற்கு வேறு வேலை கொடுத்துவிடலாம். திரையை அவ்வப்போது படமெடுத்துச் சேமிக்கும் 'ரீகால்' என்ற வசதிதான் கவனிக்க வேண்டியது. 2024இல் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, நாமாக இயக்கினால் தவிர அது ஓடாது என்று மைக்ரோசாஃப்ட் மாற்றிவிட்டது. 'கோபைலட் பிளஸ்' என்று எழுதியிருக்கும் கணினிகளில் மட்டுமே அது வரும். முதல்முறை இயக்கும்போது கேட்கும் கேள்விகளைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். பெட்டியைப் பிரிக்காமல் வீட்டுக்கு வாங்கிவந்து, பேத்தியை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் படித்து நீங்களே பதில் கொடுங்கள்.